பன்றிக்குப் போட்ட நண்டு: ஜேம்ஸ்டவுன் பட்டினி, 1609-10

1610 மே மாதம். வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஆங்கிலேயர்கள் கட்டிய சின்னக் காவல்கோட்டை ஒன்று இருந்தது. மேலே ஜேம்ஸ்டவுனிலிருந்து அங்கே ஒரு படகு வந்து சேர்ந்தது. வந்தவர் ஜார்ஜ் பெர்சி, குடியேற்றத்தின் தலைவர், வயது 29. அவர் விட்டுவந்த ஊரில் ஆட்கள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். இங்கே கோட்டைக்காரர்கள் நன்றாகத் தின்று தெம்பாக நின்றார்கள். நண்டு மிஞ்சிப்போய், பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு இடத்துக்கும் நடுவே ஆற்றுவழியாக 60 கிலோமீட்டர் இருக்கும். கம்பெனி ஒன்று, தலைவர் ஒருவர், கடந்துபோன குளிர்காலமும் ஒன்றே.

அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் ‘பட்டினிக் காலம்’ என்று பெயர் பெற்ற இந்தச் சம்பவத்தை வழக்கமாகச் சோம்பேறிக் கனவான்களின் கதையாகவோ, இயற்கைச் சீற்றத்தின் கதையாகவோ சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த நண்டிலிருந்துதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். சாப்பாடு இருந்தது. அது ஊர்வரை வராமல் போனதற்கு என்ன காரணம்?

எந்தக் கணக்கில் தொடங்கினார்கள்

லண்டன் வர்ஜீனியா கம்பெனிக்கு முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1606 ஏப்ரலில் சாசனம் கொடுத்தார். பங்கு சேர்த்து நடத்திய வியாபாரம் அது. பொருளாளர் என்ற பெயரில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்மைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும். சூரத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் கப்பல் அனுப்பிய அதே வட்டாரத்துப் பணம்தான் இங்கேயும் புரண்டது.

1606 டிசம்பரில் மூன்று கப்பல்கள் கிளம்பின. எதிர்க்காற்றினால் பல வாரம் இங்கிலாந்துக் கரையைத் தாண்டவே முடியவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டில் ஒரு பங்கு அங்கேயே காலி. 1607 மே 14 அன்று ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் 104 பேர். எல்லோரும் ஆண்களும் பையன்களும்தான்.

இடம் தேர்ந்தெடுத்ததில் முதல் கோளாறு. தாழ்வான, ஈரமான நிலத்தில் குடியேற வேண்டாம் என்று கம்பெனியே எழுத்தில் கொடுத்திருந்தது. அதே உத்தரவு, ஸ்பெயின் கப்பல்கள் எளிதில் வரமுடியாதபடி ஆற்றில் உள்ளே தள்ளிப் போகவும் சொன்னது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார்கள். கரையோரம் நல்ல ஆழம், கப்பலை மரத்தோடு கட்டிவிடலாம், அதனால் சதுப்பு நிலம் என்பதைக் கண்டுகொள்ளவில்லை. ஆற்று நீரைத்தான் குடித்தார்கள். ஓதம் ஏறினால் உப்பு, இறங்கினால் சேறும் அழுக்கும் என்று பெர்சியே எழுதிவைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், உடம்பு வீக்கம். 1608 ஜனவரியில் முதல் உதவிக் கப்பல் வந்தபோது 38 பேர் உயிரோடு இருந்தார்கள். 1609க்கான எச்சரிக்கை அப்போதே அடித்தாகிவிட்டது.

அந்த உதவிக் கப்பலில் கம்பெனி அனுப்பிய ஆட்களில் பொற்கொல்லர்கள், உலோகம் புடம்போடுகிறவர்கள், நகை வேலைக்காரர், வாசனைத் திரவியக்காரர் எல்லாம் உண்டு. தங்கம் கிடைக்கும் என்று கணக்கு. திரும்பிப் போன கப்பலில் மினுமினுத்த மண்ணை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது வெறும் மண். அடுத்த கப்பலில் வந்த உத்தரவு: தங்கக் கட்டி, தென்கடலுக்கு (பசிபிக்) வழி, ரோனோக் தீவில் 1587இல் விட்டுப்போய்க் காணாமல் போனவர்களில் ஒருவர், இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் திரும்பாதே.

அப்படியானால் சோறு? அதைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். செம்பு, மணி, கோடாலி கொடுத்து மக்காச்சோளம் வாங்குவது. வாகுன்செனகா என்ற பெருந்தலைவரின் கீழ் அங்கே சுமார் 30 இனக்குழுக்கள் இருந்தன. ஆங்கிலேயர்கள் அவரைப் பவ்ஹாட்டன் என்றார்கள். ஜேம்ஸ்டவுன் உட்கார்ந்திருந்ததே அவர்களில் பாஸ்பஹே மக்களின் நிலத்தில்.

இந்தத் திட்டத்தின் அடியில் இருந்த ஓட்டை அன்று யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வர்ஜீனியாவின் சதுப்புநில சைப்ரஸ் மரங்களின் வளையங்களை அளந்து 1998இல் வெளியான ஆய்வு, 1606 முதல் 1612 வரையிலான ஏழு ஆண்டுகள்தான் அங்கே 770 ஆண்டுகளில் மிக வறண்ட ஏழாண்டுக் காலம் என்று காட்டியது. மழை பொய்த்த ஊரில், விதைத்து அறுத்தவர்களுக்கே பற்றாத தானியத்தை, பக்கத்தில் வந்து குடியேறிய இருநூறு முந்நூறு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் பண்டமாற்றுக்குக் கேட்டார்கள், பிறகு துப்பாக்கியோடு கேட்டார்கள். 1609 ஜனவரியில், அப்போது ஜேம்ஸ்டவுன் தலைவராக இருந்த ஜான் ஸ்மித், பவ்ஹாட்டனின் தம்பி ஒபெச்சன்கனோவின் முடியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கைத்துப்பாக்கியை வைத்துச் சோளம் வாங்கினார். அந்தக் குளிர்காலத்தை அது தாண்டவைத்தது. அடுத்த குளிர்காலத்துக்கான சீட்டையும் அதே கை கிழித்துப்போட்டது.

ஸ்மித்தைக் குறைசொல்வது எளிது. ஆனால் அவர் தலைவராக இருந்த ஓராண்டில் கோட்டைக்குள் கிணறு வெட்டினார்கள், 30, 40 ஏக்கர் விதைத்தார்கள். வேலை செய்யாதவனுக்குச் சோறு கிடையாது என்ற உத்தரவும் அவருடையது. 1609 வசந்தத்தில் கிடங்கைத் திறந்து பார்த்தால் பாதிச் சோளம் அழுகல், மீதி எலி. கப்பலில் வந்த எலிகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தன. ஸ்மித் என்ன செய்தார் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியம்: எல்லோரையும் ஊருக்குள் உட்காரவைக்கவில்லை. ஒரு கூட்டத்தைக் கீழே சிப்பித் திட்டுகளுக்கு அனுப்பினார், ஒரு கூட்டத்தை மீன்பிடிக்க முகத்துவாரத்துக்கு, இன்னொன்றை ஆற்றின் மேலே. வசதியான வாழ்க்கை இல்லை. ஆனால் சாவு குறைவு. வழி இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒரே கப்பலில் மூன்று தலைகள்

1609இல் கம்பெனி புதுச் சாசனம் வாங்கி, நிர்வாகத்தை மாற்றி, இதுவரை இல்லாத பெரிய அணியை அனுப்பியது. ஒன்பது கலங்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள். ஜூன் தொடக்கத்தில் பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பாடு. புது கவர்னர் தாமஸ் கேட்ஸ், கடற்படைத் தலைவர் ஜார்ஜ் சோமர்ஸ், அவருக்கு அடுத்த நிலையில் கிறிஸ்டபர் நியூபோர்ட் மூவருமே சீ வென்ச்சர் என்ற கப்பலில் ஏறினார்கள். யார் பெரியவர், யார் முதலில் போய்ச் சேர்வது என்ற சச்சரவைத் தீர்க்கவே ஒன்றாக ஏறினார்கள் என்று ஸ்மித் தரப்பு பிற்பாடு எழுதியது. எப்படியோ, அதிகாரப் பத்திரங்களும் அதே கப்பலில்.

ஜூலை கடைசி வாரத்தில் சூறாவளி. சீ வென்ச்சர் தனியாகப் பிரிந்து பெர்முடாத் தீவுப் பாறைகளில் செருகி நின்றது. ஏறக்குறைய 150 பேர், ஒருவர்கூடச் சாகவில்லை. ஒரு சிறு கலம் மூழ்கிப்போனது. மீதி ஏழும் தட்டுத்தடுமாறி ஆகஸ்டில் ஜேம்ஸ்டவுன் வந்தன. கொண்டுவந்த உணவில் பெரும்பகுதி கடல்நீரில் நனைந்து வீண். வழியிலேயே காய்ச்சல், இரண்டு கப்பல்களிலிருந்து மட்டும் 32 பிணங்களைக் கடலில் போட்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் வந்து எதை விதைப்பது? சாப்பிட முந்நூறு வாய் கூடியது, கிடங்கு கூடவில்லை. பழைய நிர்வாகம் செல்லாது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கான பத்திரத்தைக் காட்டு என்றால் அது பெர்முடாவில். இந்த இழுபறிக்கு நடுவில் படகில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்மித்தின் வெடிமருந்துப் பை தீப்பற்றித் தொடை வெந்துபோனது. அக்டோபரில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். தலைமை ஜார்ஜ் பெர்சியிடம் வந்தது. நார்தம்பர்லாந்து பிரபுவின் தம்பி, நல்ல குடும்பம், உடம்பு மட்டும் சரியில்லை.

முற்றுகை

பெர்சி செய்த முதல் காரியம் தவறில்லை. முகத்துவாரத்தில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்துக்கு ராட்கிளிஃப் என்ற தளபதியை அனுப்பி ஒரு கோட்டை கட்டவைத்தார். அண்ணன் மகன் பெயரால் அல்ஜெர்னன் கோட்டை. வரும் கப்பல்களைப் பார்க்க, மீன் பிடிக்க. தொடக்கத்தில் சொன்ன நண்டுக் கோட்டை இதுதான்.

அடுத்தது எல்லாம் சறுக்கல். ஊருக்கு வெளியே இரண்டு இடங்களில் ஆட்களை அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தது தாக்குதலில் முடிந்து, தப்பியவர்கள் ஊருக்கே திரும்பி வந்தார்கள். சோளம் தருவதாகப் பவ்ஹாட்டன் அழைத்த இடத்துக்கு ராட்கிளிஃப் ஐம்பது பேரோடு போனார். அது பொறி. பெரும்பாலோரைக் கொன்றார்கள், ராட்கிளிஃபைச் சித்திரவதை செய்தே கொன்றார்கள். 16 பேர்தான் திரும்பினார்கள். பிரான்சிஸ் வெஸ்ட் என்ற இன்னொரு தளபதி வடக்கே பொட்டோமாக் ஆற்றுப் பக்கம் போய், இரண்டு பேர் தலையை வெட்டியாவது ஒரு கப்பல் நிறையத் தானியம் ஏற்றிவிட்டார். திரும்பும் வழியில் பாயின்ட் கம்ஃபர்ட்டில், ஊரில் பட்டினி, சீக்கிரம் போ என்று சொன்னார்கள். அவருடைய ஆட்கள் பாயைத் திருப்பி நேராக இங்கிலாந்துக்கு விட்டார்கள். நிரம்பிய கிடங்கு ஒன்று கண்ணெதிரே கடலுக்குள் போயிற்று.

கிடங்குப் பொறுப்பாளர் டேனியல் டக்கர் கணக்குப் போட்டார்: ஆளுக்கு நாளைக்கு அரைக் குவளை மாவு என்றால் மூன்று மாதம் தாங்கும். அதையும் இழுத்துப் பிடித்து நான்கு மாதம் ஓட்டினார். இந்த முழுக் கதையில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் என்று நான் விரல் நீட்டக்கூடிய சிலரில் அவரும் ஒருவர்.

நவம்பரிலிருந்து பவ்ஹாட்டன் ஆட்கள் ஊரை அடைத்துவிட்டார்கள். தினமும் கோட்டையைத் தாக்கும் முற்றுகை அல்ல அது. வேலியைத் தாண்டினால் அம்பு, அவ்வளவுதான். வேட்டைக்கும், கிழங்கு தோண்டவும், விறகுக்கும் வெளியே போனவர்கள் திரும்பவில்லை. ஆற்றின் எதிர்ப்புறத் திட்டில் விட்டிருந்த பன்றிகளையும் முடித்துவிட்டார்கள். இதை ‘காட்டுமிராண்டிகளின் வெறி’ என்று அன்றைய ஆங்கிலேயர்கள் எழுதினார்கள். என் கண்ணுக்கு இது நன்றாக யோசித்த அரசியல் முடிவு: இவர்களைப் போரிட்டு விரட்ட வேண்டாம், சோறு கொடுப்பதை நிறுத்தினால் போதும். ஏறத்தாழ அது பலித்தது.

நிலவறையில் கிடைத்தது

குதிரைகளைத் தின்றார்கள். பிறகு நாய், பூனை, எலி, பாம்பு. பிறகு செருப்பும் பூட்ஸ் தோலும். பிறகு புதைத்ததைத் தோண்டினார்கள் என்று பெர்சி எழுதுகிறார். கர்ப்பிணி மனைவியைக் கொன்று, உப்பிட்டு வைத்துத் தின்ற ஒருவனைக் கட்டைவிரலில் தொங்கவிட்டு, காலில் எடை கட்டி, கால் மணிநேரத்தில் உண்மையை வரவழைத்துக் கொன்றதாகவும் எழுதுகிறார்.

நானூறு ஆண்டுகளாக இதை நம்புவதா வேண்டாமா என்று வாதம் நடந்தது. கோட்டையே ஆற்றில் கரைந்து போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ தலைமையில் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அது பெரும்பாலும் தரையிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. 2012இல் ஒரு நிலவறையைத் தோண்டினார்கள். அந்தக் குளிர்காலத்துக் குப்பையை அள்ளிப்போட்டு மூடிய குழி. வெட்டிய குதிரை எலும்பு, நாய் எலும்பு. அவற்றோடு சேர்ந்து மனித மண்டையோட்டின் பகுதியும் ஒரு கால் எலும்பும். 14 வயது ஆங்கிலேயப் பெண்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக்ளஸ் ஆவ்ஸ்லி அதைப் படித்துச் சொன்னது 2013இல் வெளிவந்தது. நெற்றியில் ஆழமில்லாத நான்கு வெட்டுகள், பக்கம் பக்கமாக. எலும்பை உடைக்கவில்லை. வெட்டியவர் தயங்கியிருக்கிறார், அல்லது வேலை தெரியாதவர். பிறகு தலையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பலமான வெட்டுகள். இடது பொட்டருகே கத்தி முனையால் நெம்பிய தடம், தாடையில் சதையைச் சீவிய கீறல்கள். எல்லாமே இறந்த பிறகு நடந்தவை. அந்தப் பெண் தென் இங்கிலாந்துக் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவள், அங்கே நன்றாகச் சாப்பிட்டவள் என்பது எலும்பின் வேதியியல் சொல்லும் செய்தி. பெயர் தெரியாது, ஆய்வாளர்கள் ஜேன் என்று வைத்தார்கள். 1609 ஆகஸ்டில் வந்த அந்தத் தலைமையில்லாத கப்பல்களில் ஒன்றில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எத்தனை பேர்

‘ஐந்நூறு பேரில் அறுபதுதான் பிழைத்தார்கள்’ என்ற வரி எல்லா இடத்திலும் உண்டு. அறுபது சரி. ஐந்நூறுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அது ஸ்மித் தரப்பின் எண். நான் விட்டுப்போனபோது எல்லாம் நிறைந்திருந்தது, பின்னால் வந்தவர்கள் கெடுத்தார்கள் என்று காட்ட அவர்களுக்குக் காரணம் இருந்தது. வெஸ்ட்டோடு ஓடியவர்கள், வெளி முகாம்களில் கொல்லப்பட்டவர்கள், கீழ்க்கோட்டையில் சௌக்கியமாக இருந்தவர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். முற்றுகை தொடங்கியபோது ஊருக்குள் இருந்தவர்கள் சுமார் 240 என்பது இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. அதில் நாலில் மூன்று பங்கு போய்விட்டது. எண்ணைக் குறைத்துச் சொல்வதால் விஷயம் சிறிதாகிவிடவில்லை.

கம்பெனியின் விளக்கம்

பெர்முடாவில் சிக்கியவர்கள் உடைந்த கப்பலின் மரத்தையும் உள்ளூர்த் தேவதாரு மரத்தையும் வைத்து இரண்டு கலங்களைக் கட்டி, 1610 மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். வேலி சரிந்து, கதவுகள் கீலிலிருந்து கழன்று, வெளியே போக அஞ்சியவர்கள் காலி வீடுகளையே விறகாக எரித்திருந்த ஊரைப் பார்த்தார்கள். கையிலிருந்ததைப் பகிர்ந்தால் சில வாரம்கூட ஓடாது. கேட்ஸ் ஊரைக் கைவிட முடிவெடுத்தார். ஜூன் 7 அன்று எல்லோரையும் ஏற்றினார். ஊரைக் கொளுத்திவிட்டுப் போக வேண்டும் என்று துடித்தவர்களைத் தடுக்கவே தாம் கடைசியாக ஏறினார். மறுநாள் ஆற்றிலேயே எதிரே ஒரு படகு வந்தது. கேட்ஸுக்கு அடுத்து கம்பெனி அனுப்பிய கவர்னர் டெலவர் பிரபு 150 பேரோடும் உணவோடும் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டார் என்று சேதி. பிழைத்தோம் என்று கிளம்பியவர்கள் அத்தனை பேரும் அதே ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

லண்டனில் பங்குதாரர்கள் பதறினார்கள். 1610 முடிவதற்குள் கம்பெனி ஒரு விளக்கம் அச்சிட்டது. எந்த நிறுவனத்தின் விபத்து அறிக்கையைப் படித்தவர்களுக்கும் அதன் தொனி பழக்கமானது: திட்டத்தில் பிழையில்லை, ஆட்கள் சரியில்லை. 14 வலைகள் இருந்தும் உலர்த்தாமல் அழுகவிட்டார்கள். சோம்பல், கீழ்ப்படியாமை. மனைவியைத் தின்றவன் கதைக்கு கேட்ஸ் பெயரில் ஒரு மறுப்பு: அவனுக்கு மனைவிமேல் வெறுப்பு, அதனால் கொன்றான், வீட்டைச் சோதித்தபோது மாவும் பயறும் பட்டாணியும் கிடைத்தன, பசியே இல்லை. கேட்ஸ் அந்தக் குளிர்காலத்தில் பெர்முடாவில் ஆமையும் பறவை முட்டையும் தின்றுகொண்டிருந்தவர் என்பதை அறிக்கை அழுத்திச் சொல்லவில்லை.

சோம்பல் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். வலை அழுகியது நிஜமாகவே இருக்கலாம். அடுத்த ஆண்டு மே மாதம் வந்திறங்கிய தாமஸ் டேல், பயிர் வைக்காமல் தெருவில் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்த ஆட்களைக் கண்டார். (இதே டேல் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குத் தலைமையேற்று வந்து 1619இல் மசூலிப்பட்டினத்தில் செத்தார். நம் கரையில் முடிந்த ஜேம்ஸ்டவுன் வாழ்க்கை ஒன்று.) ஆனால் யாருக்காக உழைப்பது? நிலம் கம்பெனியுடையது, விளைச்சல் பொதுக் கிடங்குக்கு. டேலே சில ஆண்டுகளில் ஆளுக்கு மூன்று ஏக்கர் பிரித்துக் கொடுத்ததும் தானியம் பெருகியது. அழுக்குத் தண்ணீர் குடித்து அரை வயிற்றோடு கிடப்பவன் எழுந்து வலை உலர்த்தவில்லை என்பதை மட்டும் தனியாகக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது நியாயமில்லை.

அறுபது கிலோமீட்டர்

இனி நண்டுக்கு வருவோம். வறட்சி, புயல், முற்றுகை மூன்றும் உண்மை. ஆனால் முகத்துவாரக் கோட்டையில் இருந்த முப்பது நாற்பது பேருக்கும் அதே வறட்சிதான், அதே பவ்ஹாட்டன்தான். அவர்கள் பிழைக்கக் காரணம் கடல். மட்டி, சிப்பி, நண்டு, மீன் இவற்றுக்கு மழை வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மார்ச்-ஏப்ரலுக்குள் ஊரில் பாதிப் பேரை அங்கே இறக்கியிருந்தால் ஜேம்ஸ்டவுன் வேறு கதை. ஸ்மித் முந்தைய ஆண்டே அதைச் செய்து காட்டியிருந்தார்.

பெர்சி செய்யவில்லை. நோயில் கிடந்தேன் என்கிறார்; நம்பலாம். ஆனால் ஒரு தலைவர் படுத்தால் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் கோட்டையில் என்ன நடக்கிறது என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகும் அமைப்பு, நோயைவிடப் பெரிய கோளாறு. இருந்த நல்ல படகுகள் போய்விட்டன. ஒன்று வெஸ்ட்டோடு இங்கிலாந்துக்கு. கீழ்க்கோட்டைத் தளபதி ஜேம்ஸ் டேவிஸ் தானாக வந்து சொல்லவும் இல்லை. பெர்சி கண்டுபிடித்த காரணம் இது: வசதியானவர்களாகப் பார்த்துச் சிலரைப் பிழைக்கவைத்து, தங்களிடமிருந்த இரண்டு படகுகளில் இங்கிலாந்து போய்விட வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் திட்டமிட்டிருந்தார்கள்.

பெர்சி சீறினார். பாதி ஆட்களை உடனே இங்கே கொண்டுவருகிறேன், தேறியதும் மீதியை. அதுவும் போதாவிட்டால் மொத்தப் பேரையும். ஊர் போனால் இன்னொரு ஊர் கட்டலாம், உயிர் போனால் வராது என்று டேவிஸிடம் சொன்னதாக எழுதுகிறார். சரியான முடிவு. எடுத்த மறு ஓதத்திலேயே பெர்முடாக் கலங்கள் வளைகுடாவுக்குள் நுழைந்தன. எத்தனை மாதம் தாமதமான முடிவு என்று பார்க்க அதைவிடத் துல்லியமான கடிகாரம் வேண்டாம்.

பெர்சியின் இந்தக் குறிப்பு 1620களில், ஸ்மித்தின் புத்தகத்துக்குப் பதிலாக எழுதியது. தன்னைக் காத்துக்கொள்ளும் கை அதில் தெரிகிறது. ஆனாலும் தன் ஆட்சியில் நடந்த மிக மோசமானதை மறைக்காமல் எழுதியவரும் அவரே. நிலவறை எலும்பு அவர் பக்கம்தான் சாட்சி சொல்லியிருக்கிறது, கம்பெனி பக்கம் இல்லை.

அந்த ஆகஸ்ட்

டேவிஸ்மேல் பெர்சி சொன்ன குற்றச்சாட்டு அவருடைய பதவியைக் காலி செய்யவில்லை. 1610 ஆகஸ்டில் டெலவர் பிரபு, பாஸ்பஹே மக்களைத் தாக்கப் பெர்சியை 70 பேரோடு அனுப்பினார். டேவிஸும் கூட. பதினைந்து பதினாறு பேரைக் கொன்றார்கள், வீடுகளை எரித்தார்கள். இரண்டு மாதம் முன்பு பசியில் செத்த ஊரின் ஆட்கள், வயலில் நின்ற சோளத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். பிடித்த குழந்தைகளைப் படகிலிருந்து ஆற்றில் எறிந்து தலையில் சுட்டார்கள். தலைவனின் மனைவியை எரித்துவிட வேண்டும் என்று டெலவர் பிரபு சொன்னதாக டேவிஸ் வந்து சொன்னார். அன்று போதுமான ரத்தத்தைப் பார்த்துவிட்டேன், எரிக்க வேண்டாம் என்றார் பெர்சி. டேவிஸ் இரண்டு சிப்பாய்களோடு அவளைக் காட்டுக்குள் கூட்டிப்போய் வாளால் குத்திக் கொன்றார்.

அது பிரபுவின் உத்தரவு என்று டேவிஸ் சொன்னாலும் நான் அப்படி நம்பவில்லை என்று பெர்சி தன் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.